கதவில்லாத வீட்டில் கன்னம் வைப்பது எப்படி? மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையும் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேரியா ஸ்லைடு பார்த்தே பல வருஷம் ஓட்டியவன் நான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சிவப்பணுவுக்குள் ஒரு நீல மோதிரம் தெரியும். மோதிரத்தில் கல் பதித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், ஆனால் எப்படிப் போனான் என்பதை ஸ்லைடு சொல்லாது. டெக்னீஷியன் படிப்புப் பிள்ளைகளும் காய்ச்சல்காரர்களின் வீட்டாரும் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராகச் சிவப்பணுவுக்குள் போய்விடுமா?

போகாது. முதலில் கல்லீரல். அனாபிலஸ் பெண் கொசுவின் எச்சிலோடு இறங்கும் உருவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். சிவப்பணுவுக்குள் நுழைய அதற்குத் தெரியாது. கல்லீரல் செல்லுக்குள் ஒரு வாரம் போலத் தங்கி, ஒன்று பல ஆயிரமாகப் பெருகி, வேறு உருவத்தில் ரத்தத்துக்கு வரும். அந்த உருவம்தான் மீரோசோயிட். நம் கதையின் திருடன் அவன்தான்.

ஒரு மீரோசோயிட் சிவப்பணுவுக்குள் நுழைந்தால், ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையில் 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரையிலான மீரோசோயிட்கள் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கூட்டமாக அணுக்கள் உடையும் அந்த நேரத்தில்தான் குளிரும் நடுக்கமும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். மைக்ராஸ்கோப் இல்லாமலே ஒட்டுண்ணியின் கடிகாரத்தைப் படித்திருக்கிறார்கள்.

உடம்பில் எத்தனையோ செல் இருக்க, ஏன் சிவப்பணு?

சாப்பாடு ஒரு காரணம். அணு முழுக்க ஹீமோகுளோபின். உட்கார்ந்த இடத்திலேயே தின்னலாம். ஒளிவிடம் இன்னொரு காரணம். நம் மற்ற செல்களுக்குள் கிருமி புகுந்தால், அதன் துண்டு ஒன்றை அந்த செல் தன் வெளிச்சுவரில் எடுத்து மாட்டிக் காவல் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, காட்டிக்கொடுக்கும் அந்த ஏற்பாடும் இல்லை.

ஆனால் இதில் ஒட்டுண்ணிக்கு ஒரு சிக்கலும் உண்டு. பல வைரஸ்கள் செல்லை ஏமாற்றித் தம்மை விழுங்க வைத்து உள்ளே போகின்றன. சிவப்பணு எதையும் விழுங்காது. அது கதவே வைக்காமல் கட்டிய வீடு. உள்ளே போக வேண்டிய வேலை முழுவதையும் திருடனே செய்தாக வேண்டும். அவன் கொண்டுவரும் கருவிகள்தான் இனி நாம் பார்க்கப்போகும் புரதங்கள்.

மீரோசோயிட் பார்க்க எப்படி இருக்கும்?

எலுமிச்சை விதை மாதிரி, ஒரு முனை கூராக இருக்கும். நீளம் ஒன்றரை மைக்ரான் அளவு. சிவப்பணுவின் குறுக்களவு ஏழு, எட்டு மைக்ரான். சிவப்பணு ஒரு சாப்பாட்டுத் தட்டு என்றால் மீரோசோயிட் ஒரு எலுமிச்சம்பழம்.

கவனிக்க வேண்டியது அந்தக் கூர்முனையை. அதற்குள் இரண்டு வகைப் பைகள் இருக்கின்றன. மைக்ரோனீம் என்பவை பொடிப்பொடியாகப் பல. ராப்ட்ரி என்பது குண்டாந்தடி வடிவில் ஒரு ஜோடி. நுழைவுக்கான முக்கியமான புரதங்களை ஒட்டுண்ணி வெளியே பூசிக்கொண்டு திரிவதில்லை. இந்தப் பைகளுக்குள் மறைத்து வைத்து, கடைசி நொடியில்தான் வெளியே எடுக்கும். தடுப்பூசிக்காரர்களின் தலைவலி இங்கேதான் ஆரம்பம். பின்னால் வருகிறேன்.

நுழைய எவ்வளவு நேரம் ஆகும்? யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள். 1975-இல் அமெரிக்காவில் டிவோரக், லூயிஸ் மில்லர் குழுவினர் குரங்கு மலேரியாவான நோலெசி வகையின் மீரோசோயிட்கள் சிவப்பணுவுக்குள் போவதை மைக்ராஸ்கோப் வழியே படமாக்கினார்கள். அடுத்த வருடமே டிரேகரும் ஜென்சனும் ஃபால்சிபாரத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தொடர்ந்து வளர்க்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் துறையே வேகம் எடுத்தது.

இப்போது கிடைக்கும் வீடியோக்களில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மீரோசோயிட் வந்து சிவப்பணுவின் மேல் எங்கோ ஒரு பக்கமாக ஒட்டும். உடனே சிவப்பணு, மெத்தையில் முழங்கையை ஊன்றிய மாதிரி, அங்கங்கே குழிந்து நெளியும். அந்த நெளிவிலேயே மீரோசோயிட் புரண்டு, கூர்முனை அணுவைப் பார்க்கும்படி திரும்பிவிடும். இதற்குப் பத்து விநாடி போல. பிறகு ஒரு சின்ன நிதானம். அப்புறம் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். இதற்குப் பதினைந்து, இருபது விநாடி. அது போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சிவப்பணு சுருங்கி ஊமத்தங்காய் மாதிரி முள் முள்ளாக நிற்கும். சில நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

முதல் தடவை பார்த்தபோது நான் நம்பவில்லை. வீடியோவை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூலையில் ஓடிய விநாடிக் கணக்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முதலில் ஒட்டுவது எந்தப் புரதத்தின் வேலை?

மீரோசோயிட்டின் மேற்பரப்பில் நிறைந்து கிடப்பது எம்எஸ்பி1. ஒரு பெரிய புரதம். சிவப்பணுவை விட்டு வெளியே வரும் சமயத்தில் சப்1 என்ற நொதி அதை நான்கு துண்டாக நறுக்கும். துண்டுகள் ஒன்றையொன்று பிடித்தபடியே மேற்பரப்பில் நிற்கும். நுழையும்போது சப்2 என்ற இன்னொரு நொதி பெரும்பகுதியை வெட்டிக் கழித்துவிட, கடைசித் துண்டு மட்டும் ஒட்டுண்ணியோடு உள்ளே போகும். வாசலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவது போல.

எம்எஸ்பி1-இன் பிடி தளர்வானது. பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். அது இடம் பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளைக்கோஃபோரின் என்று படித்தேன். அதற்கும் மலேரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

கிளைக்கோஃபோரின் நம்முடையது. சிவப்பணுவின் வெளிச்சுவரில் சர்க்கரைச் சங்கிலிகளோடு நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். அந்தச் சங்கிலிகளின் நுனியில் சையாலிக் அமிலம் இருக்கும். ஒட்டுண்ணியின் இபிஏ-175 என்ற புரதம் பற்றுவது கிளைக்கோஃபோரின் ஏ-வை. இபிஏ-140 பற்றுவது கிளைக்கோஃபோரின் சி-யை. ஆர்எச்4 என்ற வேறு குடும்பத்துப் புரதம் காம்ப்ளிமென்ட் ஏற்பி 1 என்ற வேறொரு கொக்கியைப் பிடிக்கும்.

ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை பேர் என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. ஆய்வகத்தில் நொதி போட்டுச் சிவப்பணுவின் சையாலிக் அமிலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால், சில ரக ஃபால்சிபாரம் நுழைய முடியாமல் திணறும். ஆனால் அதே ரகத்தை அந்தச் சுரண்டிய அணுக்களோடு விடாமல் வளர்த்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணி ஆர்எச்4 மரபணுவை முடுக்கிவிட்டு, சையாலிக் அமிலமே தேவைப்படாத வழியில் நுழையத் தொடங்கியது. 2005-இல் வெளிவந்த முடிவு இது. சாவிக்கொத்தில் ஒன்று சேரவில்லை என்றால் அடுத்தது.

ஆகவே இந்தப் புரதங்களில் ஒன்றை மட்டும் அடைத்துப் பிரயோஜனம் இல்லை. மாற்றுச்சாவி இல்லாத புரதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடியவர்களுக்குக் கிடைத்ததுதான் அடுத்த கேள்விக்குப் பதில்.

ஆர்எச்5 பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் ஒட்டுண்ணியின் இந்த நுழைவுப் புரதத்துக்குப் பதிலி இல்லை. மற்ற பல புரதங்களின் மரபணுவை நீக்கினாலும் ஃபால்சிபாரம் எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. ஆர்எச்5 மரபணுவை நீக்க முயன்றவர்களுக்கு உயிருள்ள ஒட்டுண்ணியே கிடைக்கவில்லை.

அது சிவப்பணுவில் எதைப் பிடிக்கிறது என்பது 2011-இல் தெரிந்தது. பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தில் கேவின் ரைட் குழுவினர், சிவப்பணுவின் மேற்பரப்புப் புரதங்களை ஒவ்வொன்றாகத் தயாரித்து ஆர்எச்5-உடன் சேர்த்துப் பார்த்து, பேசிஜின் என்ற புரதத்தைப் பிடித்தார்கள். பேசிஜினை எதிர்ப்பொருள் கொண்டு மறைத்ததும் அவர்கள் சோதித்த எல்லா ரக ஃபால்சிபாரமும் நுழைய முடியாமல் நின்றன. சையாலிக் அமிலம் வேண்டும் என்கிற ரகம், வேண்டாம் என்கிற ரகம் என்ற பாகுபாடே இல்லை.

ஆர்எச்5 தனியாக வருவதில்லை. சைர்பா, ரிப்ர் என்ற இரண்டு புரதங்கள் கூடவே சேர்ந்து நிற்கும். ஒட்டுண்ணியின் சவ்வில் ஊன்றிய இன்னொரு ஜோடி இவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது என்று 2022-இல் கண்டார்கள். ஆர்எச்5 பேசிஜினைப் பற்றும் தருணத்தில், தொட்ட இடத்தில் சிவப்பணுவுக்குள் கால்சியம் குப்பென்று ஏறுவதை ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீடியோவில் நாம் பார்த்த அந்தச் சின்ன நிதானத்தில் நடப்பது இதுதான்.

குரங்கிலிருந்து மனிதனுக்கு வந்த ஒட்டுண்ணி என்கிறார்களே, உண்மையா?

ஃபால்சிபாரம் விஷயத்தில் கொரில்லாவிலிருந்து. ஆப்பிரிக்கக் காடுகளில் கொரில்லா, சிம்பன்சிகளின் சாணத்தைச் சேகரித்து, அதிலிருந்த ஒட்டுண்ணி மரபணுவைப் படித்து 2010-இல் வெளியிட்டார்கள். இதிலும் ஆர்எச்5 வருகிறது. இன்றைய ஃபால்சிபாரத்தின் ஆர்எச்5 மனிதப் பேசிஜினை இறுக்கமாகப் பிடிக்கும், கொரில்லாவின் பேசிஜினைப் பிடிக்காது. அதன் மூதாதைப் புரதம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, ஆய்வகத்தில் செய்தே பார்த்தார்கள். அது இரண்டையும் பிடித்தது. காடு மாறி வந்தவன் பழைய வீட்டுச் சாவியைத் தூக்கி எறிந்திருக்கிறான்.

சரி, கதவில்லாத வீட்டுக்குள் கடைசியில் எப்படித்தான் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏஎம்ஏ1 என்ற புரதம் மைக்ரோனீம் பையிலிருந்து ஒட்டுண்ணியின் மேற்பரப்புக்கு வரும். அது பிடித்துக்கொள்ளச் சிவப்பணுவில் ஒரு கொக்கி வேண்டுமே? சிவப்பணுவில் அப்படி ஒன்று கிடையாது. ஒட்டுண்ணியே அதையும் கொண்டுவருகிறது. ராப்ட்ரி பையிலிருந்து ரான் என்ற புரதக் கூட்டத்தைச் சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்தும். அதில் ரான்2 சவ்வைத் துளைத்து வெளியே தலைகாட்டும். அந்தத் தலையை ஏஎம்ஏ1 பிடித்துக்கொள்ளும். நம் சுவரில் தன் கொக்கியைத் தானே அடித்து, தன் கயிற்றைத் தானே மாட்டுகிறான். இப்படிப்பட்ட ஆளுக்குக் கன்னக்கோல் எதற்கு?

அந்தப் பிடிப்பு ஒரு வளையமாக அமையும். ஒட்டுண்ணி அந்த வளையத்துக்குள் தன்னை நுழைத்துக்கொள்ள, வளையம் அதன் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நகர்ந்துகொண்டே போகும். தள்ளும் விசை ஒட்டுண்ணியுடையது. ஆக்டின், மயோசின் புரதங்களின் இழுபறி. நம் கைச்சதை சுருங்குவதும் இந்த வகைப் புரதங்களால்தான். ஆக்டின் மரபணுவை நீக்கிய மீரோசோயிட்கள் சிவப்பணுவில் ஒட்டுகின்றன, உள்ளே போக முடிவதில்லை.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கன்னம் வைப்பது என்று தலைப்பில் போட்டேன், ஆனால் ஒட்டுண்ணி சுவரில் ஓட்டை போடுவதில்லை. ஓட்டை விழுந்தால் சிவப்பணு அங்கேயே செத்துப்போகும், திருடனுக்கு வீடே இருக்காது. கொழுக்கட்டை மாவைக் கிண்ணமாகக் குழித்துப் பூரணத்தை வைத்து மேலே மூடுவோமே, அந்த மாதிரி. சவ்வு உள்பக்கம் குழிந்து, ஒட்டுண்ணியைச் சுற்றி மூடி, ஒரு பையாகிவிடும். பின்னால் வாய் மூடியதும் வெளிச்சுவர் மறுபடி முழுசு. அந்தப் பைக்குள் உட்கார்ந்துதான் அது மோதிரமாக மாறுகிறது.

வைவாக்ஸ் மலேரியாவும் இதே வழியா?

பெரும்பாலும் இதே கட்டங்கள்தான், ஆனால் சாவி வேறு. சென்னையில் ஸ்லைடு பார்த்தவர்களுக்கு பி.வி. (பிளாஸ்மோடியம் வைவாக்ஸ்) என்ற இரண்டெழுத்து கையெழுத்து மாதிரி. கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் ஸ்டீபன்சி கொசு பரப்புவது அங்கே பெரும்பாலும் வைவாக்ஸைத்தான்.

வைவாக்ஸ் முதிர்ந்த சிவப்பணுவை ஏறெடுத்தும் பார்க்காது. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் அணுக்கள்தான் வேண்டும். ரத்தத்தில் அவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. இளம் அணுவை அது எப்படி அடையாளம் காண்கிறது என்பதற்கு 2018-இல் ஒரு விடை கிடைத்தது. இரும்புச்சத்தை உள்ளே வாங்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி இளம் அணுவில் இருக்கும். முதிரும்போது அணு அதைக் கழற்றிப் போட்டுவிடும். வைவாக்ஸின் ஆர்பிபி2பி புரதம் பிடிப்பது அதைத்தான்.

இன்னொரு சாவி டஃபி. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் டஃபி ரத்தவகைப் புரதம் இல்லை. அங்கே வைவாக்ஸும் அரிது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் மேலே சொன்ன லூயிஸ் மில்லர். 1975-இல் குரங்கு மலேரியாவை வைத்தும், 1976-இல் மனிதர்களிடமும். பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, டஃபி இல்லாத அணுவில் நோலெசி மீரோசோயிட் கூர்முனையைத் திருப்பி மெல்லிய இழைகளால் தொங்கிக்கொண்டு நின்றது. இறுகிய அந்தப் பிடிப்பு மட்டும் உருவாகவில்லை. வாசல் வரை வந்து நின்றுவிட்டது.

டஃபியைப் பிடிக்கும் வைவாக்ஸ் புரதத்தில் எந்தப் பகுதி பிடிக்கிறது என்பதை 1994-இல் மில்லருடன் சேர்ந்து காட்டியவர் சேத்தன் சிட்னிஸ். பின்னாளில் டெல்லியில் அதை வைத்தே தடுப்பூசி உருவாக்கினார். டஃபி இல்லாதவர்களுக்கு வைவாக்ஸ் வரவே வராது என்று வெகுநாள் பாடம் நடந்தது. 2010-இல் மடகாஸ்கரிலிருந்து வந்த ஆய்வு அதைத் திருத்தியது: குறைவாக வரும், ஆனால் வரும்.

எந்த ரத்த குரூப் இருந்தால் மலேரியா வராது?

அப்படி ஒரு குரூப் இல்லை. ஓ குரூப்காரர்களுக்குத் தீவிர மலேரியா குறைவு என்பது உண்மை. ஆனால் அது நுழைவைத் தடுப்பதால் இல்லை, நோயுற்ற அணுக்கள் மற்ற அணுக்களோடு கொத்தாக ஒட்டிக்கொள்வது குறைவதால். அரிவாள் செல் மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் பெரும்பாலும் நுழைந்த பிறகு நடக்கும் கதை.

நுழைவையே தடுப்பதற்கு அழகான உதாரணம் டான்டு என்ற அரிய ரத்தவகை. கிளைக்கோஃபோரின் ஏ, பி இரண்டும் கலந்து உருவான ஒரு கலப்புப் புரதம். கிழக்கு ஆப்பிரிக்காவில் உண்டு. தீவிர மலேரியா அபாயத்தை 40 சதவீதம் குறைக்கிறது. சாவித்துளை மாறியதால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2020-இல் கென்யாவின் கிலிஃபியில் எடுத்த ரத்தத்தை வைத்துப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது. அந்த அணுக்களின் சவ்வு விறைப்பானது. கொழுக்கட்டை மாவு இறுகிப்போனால் குழி விழுமா?

இத்தனை தெரிந்தும் தடுப்பூசி ஏன் இவ்வளவு தாமதம்?

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டுண்ணி குறையும் என்பது 1961-லேயே தெரியும். காம்பியாவில், பலமுறை மலேரியா வந்து தேறிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து, நோயுற்ற குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஒட்டுண்ணி எண்ணிக்கை சரிந்தது. பிறகு வந்த முயற்சிகள் எம்எஸ்பி1-ஐயும் ஏஎம்ஏ1-ஐயும் குறிவைத்தன. எம்எஸ்பி1 தடுப்பூசி கென்யக் குழந்தைகளைக் காக்கவில்லை. ஏஎம்ஏ1 தடுப்பூசியை மாலியில் சோதித்து 2011-இல் வந்த முடிவு இன்னும் கசப்பானது: தடுப்பூசியில் உள்ள அதே ரக ஒட்டுண்ணிக்கு எதிராக 64 சதவீதப் பலன், ஊரில் உலவும் எல்லா ரகங்களையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஏஎம்ஏ1 ஊருக்கு ஊர் முகம் மாற்றும் புரதம்.

இன்னொரு சிக்கல் நேரம். மீரோசோயிட் வெளியே இருப்பதே ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முக்கியப் புரதம் வெளியே தெரிவது சில விநாடி. அதற்குள் எதிர்ப்பொருள் வந்து ஒட்ட வேண்டும் என்றால் ரத்தத்தில் அது ஏராளமாக மிதக்க வேண்டும். மூன்று ஊசி போட்டு அந்த அளவை எட்டுவதும், அதை மாதக்கணக்கில் தக்கவைப்பதும் லேசான காரியமில்லை.

இப்போது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் ஆர்டிஎஸ்,எஸ் (உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 2021), ஆர்21 (பரிந்துரை 2023, தயாரிப்பு புனேயின் சீரம் நிறுவனம்) என்ற தடுப்பூசிகள் இரண்டும் இந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை. கல்லீரலுக்குப் போகும் ஸ்போரோசோயிட்டையே மறிக்கின்றன. ஒன்று தப்பினாலும் பல ஆயிரம் மீரோசோயிட் வரும் என்பதால், ரத்தத்தில் இரண்டாவது காவல் வேண்டும் என்கிறார்கள்.

அந்த இடத்துக்கு இன்று முன்னால் நிற்பது ஆர்எச்5. அது ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவதில்லை. மாறினால் பேசிஜினைப் பிடிக்க முடியாது. புர்கினா ஃபாசோவில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் ஆர்எச்5.1 தடுப்பூசியைச் சோதித்து 2024 டிசம்பரில் முடிவு வந்தது. மூன்றாவது ஊசியைத் தள்ளிப் போட்ட முறையில், ஆறு மாதத்துக்கு 55 சதவீதப் பலன். ரத்த நிலைத் தடுப்பூசிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த எண் பெரியது. 2023-இல் மட்டும் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா, 5,97,000 சாவு என்ற கணக்கோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தூரம் இருக்கிறது.

நுழைவைத் தடுக்கும் மாத்திரை உண்டா?

கடையில் இல்லை. ஆய்வகத் தட்டில் ஹெப்பாரின் போட்டால் மீரோசோயிட் ஒட்டாது. ஆனால் அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. நுழைவைத் தடுக்கும் அளவுக்குக் கொடுத்தால் நோயாளிக்கு ரத்தக்கசிவு ஏற்படும். இப்போது கொடுக்கும் குளோரோகுயின், ஆர்டிமிசினின் வகைகள் உள்ளே போய் உட்கார்ந்தவனைக் கொல்பவை. பாதியில் நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

ஒரே சிவப்பணுவுக்குள் இரண்டு மூன்று ஒட்டுண்ணி நுழையுமா?

நுழையும். ஃபால்சிபாரம் எந்த வயது அணுவையும் விடாது என்பதால் அதில் இது சகஜம். ஸ்லைடில் ஒரே அணுவுக்குள் இரண்டு மெல்லிய மோதிரம், அணு பெரிதாக உப்பாமல் இருந்தால், நான் பி.எஃப். (பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம்) என்று எழுதி, அடுத்த ஸ்லைடை எடுப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன்.